மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்

1

இந்தக் கதை நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில், நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்குக்கு மூக்கடைப்போடு வந்த ரெய்னோ கௌகோலாவிடம் மூக்கில் அடிக்கும் மருந்துக் குப்பியைக் கொடுத்தேன். "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்றேன். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தபோது கிளினிக் வாசலில் யாரோ பனியில் வழுக்கி விழுந்த சத்தம். ஓடினேன். திரும்பி வந்தபோது ரெய்னோ போய்விட்டிருந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது: மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.

இதை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி உறைந்து கிடந்த ஒரு காலையில், தனிமையில் வாடும் முதியவர் ஒருவர்' — இல்லை. ரெய்னோ இதைப் படித்தால் (படிக்க மாட்டார், நான் எழுதும் மொழி அவருக்குத் தெரியாது) "யாரும்மா அந்தக் கிழவன், பாவம்?" என்று கேட்பார். அடுத்த முயற்சி: 'மூக்கு என்பது நினைவின்' — அதையும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நர்சிங் மாணவர்களுக்கு மருந்துப் பாடம் நடத்துகிறவள் மூக்கை வைத்துத் தத்துவம் பேசக்கூடாது.

2

ரெய்னோ முப்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். எழுபத்து நான்கு வயது. இந்த மார்ச்சில் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். என்னிடம் பயிற்சிக்கு வரும் டிரெஸ்ஸா என்ற மாணவிதான் பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"என்னென்ன மருந்து எடுத்துக்கறீங்க?"

"பிரஷர் மாத்திரை ஒண்ணு. அவ்வளவுதான்."

"கடையில நீங்களா வாங்கிப் போட்டுக்கறது எதுவும்?"

சட்டைப் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது கணக்குல வருமா?"

"எத்தனை நாளா அடிக்கறீங்க?"

"நாளாவா? உனக்குப் பால்பல்லு விழுந்துட்டு இருந்திருக்கும் பொண்ணே, அப்பவே ஆரம்பிச்சாச்சு."

[குறிப்பு: இந்த மருந்து மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. சில நிமிடங்களில் காற்று ஓடும். ஆனால் தொடர்ந்து அடித்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட மோசமாக வீங்கிக்கொள்ளும். அதற்கு மறுபடி மருந்து. அடைப்பையும் அதுவே திறக்கிறது, அடைப்பையும் அதுவே உண்டாக்குகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் ஆகாது. தேர்வில் இரண்டு மதிப்பெண்.]

"வாசனை தெரியுதா?" என்று கேட்டாள் டிரெஸ்ஸா.

"அது போய் ஏழெட்டு வருஷம் ஆச்சு." குப்பியை விரலால் உருட்டியபடி, "நிறுத்தினா திரும்ப வருமா?" என்றார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எல்மாவோட கோட்டு இருக்கு."

3

எல்மா அவர் மனைவி. அக்டோபரில் இதயம் நின்று இறந்துபோனவர். எங்கள் ஊர் பேக்கரியில் நெடுங்காலம் ஏலக்காய் ரொட்டி பிசைந்த கை அது. இறந்த மூன்றாம் நாள், கொக்கியில் தொங்கிய அவர் கோட்டை ரெய்னோ ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறார். அதன்பின் திறக்கவில்லை.

"திறந்தா இருக்கறதும் போயிடும்ல? மோந்து பாக்க மூக்கு இல்லாம எதுக்குத் திறக்கறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பையில எவ்வளவு நாள் தாங்கும்மா?"

எந்த மருந்து எத்தனை மணி நேரம் உடம்பில் தங்கும் என்று எனக்கு மனப்பாடம். இது தெரியவில்லை.

டாக்டர் வழி சொன்னார். முதலில் இடது மூக்கில் மட்டும் நிறுத்துவது. அங்கே உப்புநீர், வீக்கம் குறைக்கும் வேறொரு மருந்து. இடது திறந்தபின் வலதையும் விடுவது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிரெஸ்ஸாவை, அவள் இருப்பதைவிடக் கெட்டிக்காரியாக எழுதிவிட்டேன். "எதுக்குக் கேக்கறீங்க" என்றது அவள் இல்லை, நான். அவள் பட்டியலில் அடுத்திருந்த 'மலச்சிக்கல் உண்டா'வுக்குப் போய்விட்டிருந்தாள். திருத்தலாம். ஆனால் இதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளாகவே அவரை ஃபோனில் அழைத்து விசாரித்ததால் அந்தக் கேள்வியை அவளுக்கே விட்டுவைக்கிறேன்.

4

"சிமெண்ட் பூசின மாதிரி இருக்கு" என்றார் நான்காம் நாள். படுத்தால் மூச்சுவிட முடியாமல் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். ஒன்பதாம் நாள், "அந்தக் குப்பி என்னையே பாத்துட்டு இருக்கு. ஒரே ஒரு தடவை இடது பக்கம் அடிச்சா என்ன?" என்று கேட்டு கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் சொன்னேன். பனியில் வழுக்கிய ஆள், நான் ஓடியது, சொல்லாமல் போனது, எல்லாம்.

ரெய்னோ சிரித்துவிட்டார். "டப்பாவுலயே போட்டிருக்கேம்மா. புதுசு வாங்கற ஒவ்வொரு தடவையும் எல்மா கண்ணாடியப் போட்டுட்டு சத்தமா படிப்பா. 'மூணு நாளாம் ரெய்னோ, மூணே நாள்.' பதினோரு வருஷம் படிச்சா. அவ சொல்லியே கேக்காதவன், நீ சொல்லியா கேட்டிருப்பேன்?"

எனக்கு நிம்மதி வந்தது என்று எழுதினால் கதை ஒழுங்காக நகரும். வரவில்லை. இத்தனை நாள் என் குற்றமாக நான் வைத்துக்கொண்டிருந்தது அவர்கள் வீட்டுச் சமையலறையில் தினசரிப் பேச்சாக இருந்திருக்கிறது. சிரித்து முடித்தபின் அவரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பியை மேசைமேல் வைத்து, "வலதுக்கு வேணும்னா வந்து வாங்கிக்கறேன். இங்கயே இருக்கட்டும்" என்றார்.

5

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்குக் காபி வாசனை தெரிந்தது. வெள்ளிக்கிழமை பையோடு வந்தார்.

"வீட்ல தனியா திறக்கப் பயமா இருக்கு."

டிரெஸ்ஸா கத்தரியால் டேப்பை வெட்டினாள்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஏலக்காயும் சவுனா நீராவிக் குளியலறைப் புகையும் அறையை நிறைக்கின்றன, ரெய்னோ அழுகிறார். இன்னொன்றில் பிளாஸ்டிக் நாற்றம் மட்டும். அவர் ஒன்றும் பேசாமல் கோட்டை மடிக்கிறார். இரண்டாவது இலக்கியம்போலவே இருந்தது. நடந்தது இரண்டும் இல்லை.

கழுத்துப் பட்டையில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் இழுத்தார். நிமிர்ந்தார்.

"இது யாரு?" என்றார்.

எனக்கும் அந்த வாசனை வந்தது. மென்தால், யூகலிப்டஸ். டிரெஸ்ஸா கோட்டுப் பைக்குள் கைவிட்டு, இருமல் மிட்டாய் சுற்றிய காகிதங்களைக் கொத்தாக எடுத்தாள்.

"எல்மா மேல ஏலக்காய்தானே அடிக்கும்? எப்பவும் அதானே?"

"பேக்கரிய விட்டு ஆறு வருஷம் ஆச்சே ரெய்னோ" என்றேன். "அப்ப எல்மா போட்டுட்டிருந்த பிரஷர் மாத்திரையால வறட்டு இருமல் வந்துச்சு. மாத்திரைய மாத்தினதும் இருமல் போயிடுச்சு. மிட்டாய் மட்டும் பழகிடுச்சு. 'இது இல்லாம வாய் சும்மா இருக்க மாட்டேங்குது'ன்னு சொல்வாங்க."

"கடையில ஏதோ மிட்டாய் வாங்குவா. பாத்திருக்கேன்." காகிதங்களை விரலால் புரட்டினார். "ஆறு வருஷமும் இப்படித்தான் இருந்தாளா?"

"உள்ள வரும்போதே தெரியும். நாங்க தலை நிமிராமயே 'வாங்க எல்மா'ன்னுடுவோம்."

"அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கு" என்றார்.

மறுபடி கோட்டில் முகத்தை வைத்தார். இந்த முறை அவசரமில்லாமல், புதிதாக அறிமுகமான ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல.

6

கொத்துக்குள் பிரிக்காத மிட்டாய் ஒன்று கிடந்தது. ரெய்னோ அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். டிரெஸ்ஸா என் முழங்கையைத் தொட்டாள். இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

நான் பொறுப்பான கதாசிரியையாக இருந்தால் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து உங்களுக்குச் சொல்லியிருப்பேன். நோயாளி தனியாக இருக்கும்போது எட்டிப்பார்க்கக் கூடாது என்றுதான் நான் பாடம் எடுக்கிறேன். அதனால் எனக்குக் கிடைத்தது ஒரு சத்தம் மட்டும்: உள்ளே காகிதம் சரசரத்தது. வாயில் போடப் பிரிக்கிற சரசரப்பா, பத்திரப்படுத்த இன்னும் இறுக்கிச் சுற்றுகிற சரசரப்பா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. நீங்கள் கதவுக்கு என்னைவிடக் கொஞ்சம் அருகில் நிற்கிறீர்கள்.