வைரவன் சாரின் முழங்கால்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், சொந்த வண்டியில் வேலையாகப் போகிறவர்கள் வழியில் விழுந்தால் அடி முதலாளிக்குப் படும். விழுந்தவர் எழுந்து, துணியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் வைரவன் சாருக்கு முழங்கை சிராய்க்கும்.

அவர் மேசையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே பஞ்சும் டிங்சரும் இருக்கும். "யாருப்பா அது, மார்க்கெட் பக்கம் போனது?" என்று கேட்டுக்கொண்டே ஒற்றிக்கொள்வார்.

"பஷீரா இருக்கும் சார். நாலு தூறல் விழுந்தா போதும், அவனும் கூடவே விழுவான்" என்பாள் வரவேற்பில் இருக்கும் கோமதி.

ஜெசிந்தா வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். இதுவரை விழுந்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டியை ஒப்படைக்க அவளுக்கு மனசே வராது. பெட்டி கையை விட்டுப் போனால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு படுகிற அடி அவரவருக்கே. அதற்குப் பிறகுதான் அவள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகள் ரினியைத் தூக்கி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, வாய்க்கால் பாலத்து வளைவில் திரும்ப வேண்டும். அங்கே எந்நேரமும் மணல் சிந்திக் கிடக்கும். ரினிக்கு இப்போதுதான் நாலு பல் முளைத்திருக்கிறது.

ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"சார், அந்த வளைவு மட்டும் உங்க பேர்ல இருக்கட்டுமே?"

வைரவன் சார் முந்தின நாள் காயத்தின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "சாம்பிள் யார்கிட்ட இருக்கோ அவங்க டியூட்டி. இது என்ன நான் போட்ட சட்டமாம்மா?"

"பாப்பாகிட்ட இருந்தா?"

"பாப்பாவும் டியூட்டிதான்."

அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். "என்னோடதையே எடுத்துக்க. உனக்கு ஒரு குப்பி, பாப்பாவுக்கு ஒரு குப்பி. காலையில கொண்டுவந்து கொடு, அவசரமில்ல. மெதுவா குத்தும்மா. விழுறதுகூடப் பரவால்ல, ஊசின்னாதான் எனக்கு ஆகாது."

ஒரு குப்பியைத் தன் கைப்பையில் வைத்தாள். இன்னொன்றைத் துணிப்பையில் போட்டு முடிந்து, ரினியின் கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

வளைவில் ஸ்கூட்டர் சாய்ந்தது. அவசரமே இல்லாமல், தூக்கம் வந்த மாடு படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு வாய்க்காலின் மீன்கள் கரையோரம் வந்து நின்றன. ரினி மணலில் உட்கார்ந்து, கழுத்துப் பையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு, நெற்றி, கை, கால். ஒரு கீறல் இல்லை. மணலைத் தட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"சார், விழுந்துட்டோம்."

"தெரியுதும்மா. இடது முழங்கை உன்னோடது, அதுக்கு மருந்து போட்டாச்சு." குரலைத் தாழ்த்தினார். "முழங்கால்ல பட்டாணி அளவுல ஒண்ணு இருக்கு. அது பாப்பாவோடதுன்னு நினைக்கிறேன். அழுதுட்டே இருக்கு."

"ஊதிவிட்டுத் தட்டிக்கொடுங்க சார்."

"கொடுத்தேன். உன்னைத்தான் கேக்குது."

மறுநாள் காலை வைரவன் சார் கண் சிவந்து, ஒரு பக்கம் பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க விசிறினாராம். ஜெசிந்தா இரண்டு குப்பிகளையும் மேசையில் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலருகே குனிந்து, ரினிக்குப் பாடுவதைப் பாடினாள். காயம் விசும்பியது. பிறகு மூச்சு சீரானது. பிறகு தூங்கிவிட்டது.

கோமதி போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தாள். வைரவன் சார் காலை அசைக்காமல், வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

பஷீரும் மற்றவர்களும் ஐஸ் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் வெளியே வந்தார்கள். வண்டிகளைத் தள்ளிக்கொண்டே போய், தெருமுனை திரும்பிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்கள்.