பிராங்க்ளின் வெட்டிய ஜன்னல்

திண்டுக்கல் வத்தலகுண்டு ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களில் பிராங்க்ளினுக்குக் கொஞ்சம் மிதப்பு அதிகம். தான் கட்டிய லாரி கவிழ்ந்தால்கூடப் பாடி நெளியாது என்பார். ஒருமுறை லாரி கவிழ்ந்து கை ஒடிந்து கிடந்தவரிடமே போய் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் வேலை சுத்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவருக்கும் அன்றுவரை இருந்ததில்லை.

அன்று என்பது 2004 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. பட்டறை வாசலில் கண் வைத்திய வண்டி வந்து நின்றது. ஊரில் அதற்கு 'வீட்டு வண்டி' என்றுதான் பெயர். அமெரிக்காவில் லீவு விட்டால் வீட்டையே லாரியில் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். அப்படிச் சுற்றி முடித்த ஒன்றை அங்குள்ள ஒரு சபையார் கப்பலேற்றி, திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நிறுவனத்தார் கட்டிலையும் அடுப்படியையும் கழற்றிவிட்டுக் கண் பார்க்கும் நாற்காலியைப் போட்டார்கள். சாணார்பட்டி, தாடிக்கொம்பு, வியாழக்கிழமையானால் அய்யலூர் ஆட்டுச்சந்தை என்று நான்கு வருஷமாக அது ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற டிரெய்லர் மாதிரி இது லாரியின் வாலில் தொங்குவதில்லை. இதன் முன்பாதி உயர்ந்து, லாரியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். பட்டறையில் அந்தப் பாதிக்கு மூக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூக்கு ஆரம்பிக்கிற இடத்தில், இடது பக்கச் சுவரில் இப்போது விரிசல். ஜன்னலின் மேல் மூலையில் கிளம்பிக் கூரைவரை சாய்வாக ஓடியிருந்தது. விரலை விட்டால் உள்ளே போனது. பக்கத்தில் வெளித்தகடு உள்பலகையை விட்டுப் பிரிந்து, பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது.

அந்த ஜன்னலுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'உபயம்: எஸ். பிராங்க்ளின், லாரி பாடி பில்டர்.'

டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதில் பெயர் எழுதும் ஊர் நம்முடையது. பிராங்க்ளின் ஒரு ஜன்னலையே கொடுத்தவர். அமெரிக்காக்காரன் ரோட்டில் வலது பக்கம் போகிறவன், வண்டியின் கதவையும் வலது பக்கமே வைத்துவிட்டான். நம் ஊரில் அந்தக் கதவைத் திறந்தால் ஓடுகிற பஸ்ஸுக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டிப் பொறுப்பில் இருக்கும் நர்ஸ் ரோஸ்மேரி வந்து, "அண்ணே, இடது பக்கம் ஒரு ஜன்னல் இருந்தாப் போதும்ணே. சனங்க ஓரமா நின்னு சொட்டு மருந்தும் கண்ணாடியும் வாங்கிட்டுப் போயிரும்" என்று கேட்டாள். பிராங்க்ளின் ஒரே நாளில் நான்கடி அகலத்துக்குச் சுவரை வெட்டி ஜன்னல் போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.

"எதனாலண்ணே இப்படி ஆச்சு?" என்றாள் ரோஸ்மேரி.

"ரோடு, சிஸ்டர். சாணார்பட்டிப் பள்ளத்துல விழுந்து எந்திரிச்சா எந்த வண்டி தாங்கும்?"

சத்தியமாக அப்படித்தான் அவர் நம்பினார்.

கூடவே வந்திருந்த ஞானராஜ், நிறுவனத்தின் செயலாளர், அதிகம் பேசாதவர். "மதுரை ரோட்டுல பரோட்டாக் கடை போட இதைக் கேட்டு ஒருத்தர் நடையா நடக்குறாரு. இம்புட்டு நாள் முடியாதுன்னுட்டேன். இனிமே ஓடாதுன்னா, குடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

ரோஸ்மேரிக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், சந்தைக்கு வாரவுக ஆட்டை விட்டுட்டுக் கண்ணு பாக்க டவுனுக்கு வருவாகளா? அவுகளுக்கு இதை விட்டா வேற ஏது சார்?"

"வண்டி தாங்கி நின்னா ஓட்டுவோம்மா" என்றார் ஞானராஜ்.

பிராங்க்ளின் லாரிக்குச் செய்கிறபடியே செய்தார். தரைக்கு அடியில் கனமான ஆங்கிள் இரும்பு நாலு கொடுத்தார். விரிசலின் மேல் பட்டை வைத்து போல்ட்டுப் போட்டு முறுக்கினார். "இனி யானை ஏறினாலும் அசையாது" என்று வேறு சொன்னார். சனிக்கிழமை தாடிக்கொம்புக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். போய்த் திரும்புவதற்குள் போல்ட்டோடு பலகையும் பிய்ந்து வந்துவிட்டது. மூக்கு இன்னும் ஒரு விரல் இறங்கியிருந்தது. கதவு சட்டத்தில் சிக்கிக்கொண்டது, டிரைவர்தான் அதை உதைத்துத் திறந்து ரோஸ்மேரியை இறக்கினார்.

ஞானராஜ் விரிசலை வெகுநேரம் பார்த்தார். "எதனாலன்னே தெரியலையேப்பா. காரணம் தெரியாத வண்டியில நான் சனங்களை ஏத்த மாட்டேன். திங்கக்கிழமை பரோட்டாக்காரரை வரச் சொல்லிர்றேன்."

ரோஸ்மேரி அழவில்லை. மறுபடி வண்டிக்குள் ஏறி, கண் சோதிக்கும் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் அழுதிருந்தால் பிராங்க்ளினுக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் அவருக்கு மனசு நிலைகொள்ளவில்லை. நாகல் நகரில் பீரோ பட்டறை வைத்திருக்கும் மலைச்சாமியிடம் போனார். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 'தகரம் மடிக்கிறவன்' என்று அவனைக் கேலி செய்யாமல் பிராங்க்ளினுக்குப் பொழுது போகாது. அன்று கேலி செய்யக்கூடத் தெம்பில்லாமல், பாதி முடிந்து நின்ற ஒரு பீரோவில் கை ஊன்றினார். அது அப்படியே ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சாய்ந்தது.

"ஏலே மாப்ள, விழுந்துரும்டா! இன்னும் முதுகுத் தகடு அடிக்கல."

"பேப்பர் கணக்கா இருக்கு. அதை அடிச்சாப்புல நின்னுருமாக்கும்?"

மலைச்சாமி முதுகுத் தகட்டை எடுத்து வைத்து, ஓரம் பூராவும் அங்கங்கே வெல்டிங் பொட்டு வைத்தான். "இப்பத் தள்ளு."

பிராங்க்ளின் கையால் தள்ளினார், தோளால் தள்ளினார். பீரோ அசையவில்லை.

"சட்டம் சும்மா பேருக்குத்தான்டா. கோணாமப் பிடிச்சு நிறுத்துறதே இந்தத் தகடுதான். நடுவுல இதைக் கத்தரிச்சு எடுத்துட்டா..." என்று சொல்லிக்கொண்டே போன மலைச்சாமி, நண்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

லாரியில் பாரம் முழுக்க அடிச் சட்டத்தின் மேல்தான். சுற்றி நிற்கும் பலகை வெறும் வேலி, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். இருபத்தைந்து வருஷமாக பிராங்க்ளின் கைக்குத் தெரிந்த பாடம் இதுதான். வீட்டு வண்டி லாரி இல்லை, பீரோ. மேலே தூக்கி நிற்கும் மூக்கையும் கீழே இருக்கும் தரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கச் சுவர். மிகச் சரியாக அந்த இடத்தில் நான்கடி வெட்டி எடுத்து, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதியிருந்தார் அவர்.

பேசாமல் இருந்துவிடலாம். ரோடு மேல் பழி கிடக்கிறது, ரோடு வந்து மறுத்துச் சொல்லப் போவதில்லை. வண்டி பரோட்டாக் கடையாகிவிட்டால் அந்த விரிசலை அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் இதைத்தான் யோசித்தார். யோசித்ததை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது. ரோஸ்மேரி துடைத்துத் துடைத்து அடுக்கியதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்து நின்றது.

திங்கட்கிழமை காலையில் பரோட்டாக்காரர் டேப்போடு வந்து, கல்லடுப்பை எந்த இடத்தில் வைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தார். பிராங்க்ளின் நேரே ஞானராஜிடம் போனார்.

"சார், காரணம் தெரிஞ்சுபோச்சு. ரோடு இல்ல, நான்தான்."

"என்னப்பா சொல்ற?"

"மூக்கைத் தாங்கிக்கிட்டு இருந்ததே அந்தச் சுவருதான் சார். அதைத்தான் நான் வெட்டிட்டேன். எனக்குத் தெரியல. தெரியலைங்கிறதும் எனக்குத் தெரியல."

"ஜன்னல் கேட்டது நான்தானே சார்" என்றாள் ரோஸ்மேரி அவசரமாக.

"நீங்க கேப்பீக சிஸ்டர். வெட்டலாமா கூடாதான்னு சொல்ல வேண்டியவன் நான்."

ஞானராஜ் விரிசலைப் பார்த்தார், கீழே இருந்த பெயரைப் பார்த்தார், பிராங்க்ளினைப் பார்த்தார். "காரணம் தெரிஞ்சிருச்சு. சரி பண்ண முடியுமா?" என்றார் கடைசியில்.

"மூணு நாள் குடுங்க. மலைச்சாமியும் கூட நிக்கணும். இது அவன் வேலை சார்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது மலைச்சாமி கேட்டிருந்தால்தான் புரிந்திருக்கும்.

"அப்ப என் கடை?" என்றார் பரோட்டாக்காரர்.

"உங்களுக்கு நல்ல லாரிப் பாடியாப் பாத்துத் தாரேன்ணே. அதுல நீங்க எங்க வேணாலும் ஓட்டை போட்டுக்கலாம்."

போட்ட ஆங்கிள் இரும்பையெல்லாம் முதலில் கழற்றி எறிந்தார்கள். மூக்குக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல மெல்லத் தூக்கினார்கள். சிக்கிக்கிடந்த கதவு தானாக வந்து சாத்திக்கொண்டதும் மலைச்சாமி, "போதும், நிறுத்து" என்றான். நூலை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து அளந்தான். இரண்டு குறுக்கும் ஒரே அளவுக்கு வருகிறவரை யாரையும் ஆணி தொடவிடவில்லை. ஜன்னல் ஓரமாக மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மரச் சட்டங்கள் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் தேக்கில் புதுச் சட்டம் வைத்தார்கள். ஜன்னலை அடைத்து முழுப் பலகையாகப் பசை போட்டு ஒட்டி, வெளியே ஒட்டுப் போடாமல் ஒரே தகடாக இழுத்து, இரண்டு விரலுக்கு ஒரு ரிவிட் அடித்தார்கள். மலைச்சாமி ஏவ ஏவ பிராங்க்ளின் வாய் பேசாமல் செய்தார். பட்டறை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ஜன்னல் இல்லாம சனங்க எப்படி சிஸ்டர்?" என்று பிராங்க்ளின் கேட்டார்.

"ரோட்டோரம் நிறுத்துனாத்தானே தொல்லை? சந்தை மைதானத்துக்குள்ளயே கொண்டுபோய், கதவு கூட்டத்தைப் பாக்குற மாதிரி நிறுத்திருவோம்ணே" என்றாள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இது ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்து வெயில் ஏறும்போது வண்டி அய்யலூர்ச் சந்தையில் நின்றது. சாணார்பட்டிப் பள்ளங்களில் வேண்டுமென்றே ஒரு சுற்று விட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டு வியாபாரி காத்தமுத்து பழக்கதோஷத்தில் இடது பக்கம் போய்ச் சுவரைத் தட்டினார்.

"சிஸ்டர், ஜன்னலைக் காணோமே?"

"இந்தப் பக்கம் கதவு இருக்குய்யா. மேல ஏறி வாங்க."

கக்கத்தில் ஒரு குட்டியோடு அவர் ஏறினார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, புதுச் சுவரில் முதுகைச் சாய்த்தார். "உள்ள இம்புட்டுக் காத்தா! ரெண்டு வருசமா எங்களை வெயில்லயில்ல நிக்க வச்சீக?"

அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் திமுதிமுவென்று ஏறினார்கள். வெளியே பிராங்க்ளின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆட்கள் நடப்பது கைக்குத் தெரிந்தது. சுவர் முனகவில்லை, தகடு உப்பவில்லை. ரோஸ்மேரி கதவைச் சாத்தியபோது அது ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டது. பிராங்க்ளினுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் மறந்து நின்றார்.

ஞானராஜ் வந்து சுவரை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "அடுத்த வியாழன் ரெண்டு டாக்டரா அனுப்பச் சொல்றேன்" என்று ரோஸ்மேரியிடம் சொன்னார். பிறகு பிராங்க்ளின் பக்கம் திரும்பி, "உபயத்தைத் திரும்ப எழுதிக்கப்பா, பரவாயில்ல" என்றார்.

பிராங்க்ளின் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் எடுத்து வந்தார். பழைய பெயர் இருந்த அதே இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

'இந்தச் சுவரில் யாரும் ஜன்னல் வெட்டக் கூடாது. இப்படிக்கு, வெட்டியவன், எஸ். பிராங்க்ளின்.'

மலைச்சாமி பக்கத்தில் வந்து நின்று எழுத்துக்கூட்டி வாசித்தான். வாசித்து முடித்து நண்பனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"இதுலயும் பேரை விடலையேடா மாப்ள" என்றான்.