பத்துக்கு ஒன்பதரை

தலைமைப் பண்பு வெயில் காலத்தில்தான் நன்றாக விளையும் என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில், நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வாடகை ஹாலில், முப்பது தலைமையாசிரியர்களையும் துணைத் தலைமையாசிரியர்களையும் பிடித்து உட்காரவைத்து மூன்று நாள் பயிற்சி நடத்துவார்களா?

பயிற்சியாளர் ஜெயப்பிரகாஷ் சென்னையிலிருந்து வந்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை. கடைசி வரிசைக்காரர் தும்மினால் முதல் வரிசைக்காரர் பிடரியைத் துடைக்க வேண்டிய அளவே இருந்த ஹாலில், கன்னத்தோடு ஒட்டிய மைக்கில் பேசினார். முதல் நாள் ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினார்கள். உடைக்கச் சொன்னார். உடைத்தார்கள். "இப்ப உடைஞ்சது உங்க ஈகோ" என்றார். ஓய்வு பெற ஒரு வருடமே பாக்கியிருந்த ஹெட்மாஸ்டர் ஒருவர் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மந்தாரக்குப்பத்துத் தனியார் பள்ளியின் தலைமையாசிரியை மலர்விழிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பக்கத்து நாற்காலியில் செங்கமலம் இருந்தாள். அதே பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

பள்ளித் தாளாளர் ராஜாங்கத்துக்கு ஒரு சிமெண்ட் கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடம். அவருடைய அக்கறையும் அதே வரிசையில்தான் இருந்தது. மாசி மாதம் அவர் மலர்விழியைக் கூப்பிட்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மருமகளுக்குப் பொழுது போகவில்லை, துணைத் தலைமையாசிரியை பதவியைக் கொடுத்துவிடலாம் என்றார். செங்கமலத்தை ஜூனுக்குள் அனுப்பிவிட வேண்டும். சொல்ல வேண்டியது மலர்விழி. தலையாட்டிவிட்டு வந்தாள்.

மூன்று மாதமாகச் சொல்லப்போகிறாள். ஒரு நாள் வாயெடுத்தபோது செங்கமலம் டிபன் பாக்ஸைத் திறந்து வாழைப்பூ வடையை நீட்டினாள். இன்னொரு நாள் செங்கமலத்துக்குத் தலைவலி. பிறகு பரீட்சை வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கு இரண்டு பேராக வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பயிற்சிக்காரர்கள் விதி வைத்திருந்ததால், வெளியே போகப்போகிறவளும் தலைமைப் பண்பு கற்க வந்திருந்தாள்.

மூன்றாம் நாள் பாடம், 'கடினமான உரையாடல்'.

"ஒரு டீச்சரை வேலையை விட்டு நிறுத்தணும். எப்படிச் சொல்வீங்க?" ஜெயப்பிரகாஷ் திரையில் ஒரு சாண்ட்விச் படத்தைப் போட்டார். "மேல ஒரு பாராட்டு. நடுவுல கசப்பு. கீழ ஒரு பாராட்டு. சாப்பிடறவங்களுக்குக் கசப்பே தெரியாது!"

இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒத்திகை பார்க்கச் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் ஹால் முழுக்க ஆளை ஆள் வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செங்கமலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீதான் ஹெச்.எம்., நீ நடிக்கவே வேணாம். என்னைத் தூக்குடி பாப்போம். அழுதுகினே போறேன்." முந்தானையை வாயில் வைத்து ஒரு விம்மல் வேறு.

மலர்விழிக்கு அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. இதைவிட வசதியான இடம் கிடைக்காது. விளையாட்டோடு விளையாட்டாகச் சொல்லிவிடலாம்.

"உன்னை மாதிரி கணக்குச் சொல்லிக்குடுக்க இந்த வட்டாரத்துலயே ஆள் கெடையாது."

"பிரெட்டு வந்துடுச்சு. சீக்கிரம் கசப்பை வையி, டீ ஆறிடப் போவுது."

"ஜூன்ல இருந்து உன் போஸ்ட்டுக்குத் தாளாளரோட மருமவ வராங்க."

"யாரு, அந்தப் பொண்ணா? யம்மா, என்னா கற்பனைடி உனக்கு!"

"ஸ்மார்ட் போர்டு நடத்தத் தெரியலன்னு காரணம் எழுதச் சொன்னாரு. நான்..." மலர்விழிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எட்டிச் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செங்கமலத்தின் சிரிப்பு உடனே போகவில்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி போல முகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெல்லக் கிளம்பிப் போனது.

"எப்ப சொன்னாரு?"

"மாசியில."

"பங்குனியில சேத்தியாத்தோப்பு ஸ்கூல்லேர்ந்து எனக்கு லெட்டரு வந்துச்சு. ஹெச்.எம். போஸ்ட்டு. உங்கிட்டதான் கொண்ணாந்து காட்டினேன், போவட்டுமாடின்னு."

மலர்விழி பிடித்திருந்த கையை விட்டாள்.

"நீ என்னா சொன்ன?"

"நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்னு..."

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வரலன்னு எழுதிப் போட்டேன். இப்ப அங்க ஆளு சேத்துட்டாங்க."

சொன்ன அன்றைக்கு அது பொய்யில்லை. மனதாரச் சொன்னதுதான். அதுதான் மலர்விழிக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

"எக்ஸலண்ட்! எல்லாரும் இங்க பாருங்க, மேடம் கண்ணீர் வரைக்கும் போயிட்டாங்க!" ஜெயப்பிரகாஷ் தாளில் குறித்தார். "பத்துக்கு ஒன்பதரை. கீழ் பிரெட் வைக்க மறந்துட்டீங்க, அதான் அரை மார்க் போச்சு. இப்ப மாத்திக்குங்க. டீச்சர் ஹெச்.எம். ஆகட்டும்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செங்கமலம் எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மலரு, கதவைச் சாத்திட்டு இப்படி வந்து உக்காரு. இன்னிக்குக் காலைல தாளாளர் கூப்ட்டாரு. உன்னை நிறுத்தணுங்கறாரு. நான் முடியாதுன்னுட்டேன். அவரு கேக்கற ஆளு இல்ல. அதான் அங்கேர்ந்து நேரா உங்கிட்ட வந்தேன். வேற எங்க எடம் காலியிருக்குன்னு ரெண்டு பேருமா விசாரிப்போம், வா. அழாத. மொதல்ல சாப்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் தன் தாளைப் பார்த்தார்.

"நல்ல முயற்சி மேடம். ஆனா பாராட்டு எங்க? நிர்வாகத்தோட முடிவை நீங்களே எதிர்க்கலாமா? சாப்பாட்டுப் பேச்செல்லாம் தலைமைக்கு அழகில்லை." நாலு மார்க் போட்டார்.

மாலையில் மலர்விழிக்குச் 'சிறந்த தலைமை' கேடயம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். கேடயத்தோடு வெளியே ஓடி வந்தபோது செங்கமலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து சுரங்கத்து ஆட்கள் கூட்டமாக நின்றார்கள்.

"செங்கா, ஒரு நிமிஷம் நில்லுடி."

"போங்க மேடம், உள்ள தேடுவாங்க." குரலில் கோபம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்கூட அவள் மலர்விழியை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. குறிஞ்சிப்பாடி பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த மலர்விழி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளாளருக்குப் போன் போட்டாள். முடியாது சார், அவங்களை அனுப்பறதா இருந்தா நானும் போறேன். இது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம்; வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன் மேடம்," என்றார் ராஜாங்கம். "அந்தம்மா இப்பதான் பேசினாங்க. தானே எழுதிக் குடுத்துட்டுப் போறாங்களாம். ஹெச்.எம்.ஐ ஒண்ணும் சொல்லாதீங்க சார், மூணு மாசமா சொல்ல முடியாம தவிச்சிக்கினு இருந்திருக்காங்கன்னு உங்களுக்காக வேற பேசறாங்க. ட்ரெய்னிங் வேலை செய்யுது, என்னா?"

"சார்..."

"சொல்லுங்க."

'முடியாது' என்று ஆரம்பிக்கப் போனாள்.

"ஆங், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்," என்றார் அவர். "மருமவளுக்குக் கணக்கு வராது. அந்தம்மாவோட பத்தாங்கிளாஸ் பீரியடையெல்லாம் யாரு எடுக்கறது?"

மலர்விழி கையிலிருந்த கேடயத்தைக் கீழே வைத்தாள்.

"நானே எடுத்துக்கறேன் சார்."