வலக்கரை

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்திருக்கலாம். நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்த நியூ லின் வீடுகளில் கற்பூரம் கொளுத்தினால் கூரையிலிருக்கும் புகைமணி அலறும். ஆகவே வெறுங்கையில் அடித்த சத்தியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு யூலை, ஒரு செவ்வாய்க்கிழமை பகல். மோல் என்கிற கடைத்தொகுதியில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்த மேசைக்கு இந்தப் பக்கம் குமாரசாமி, அந்தப் பக்கம் வசந்தமலர் ரீச்சர். குமாரசாமிக்கு அறுபத்தெட்டு, மனைவி போய் ஒன்பது வருடம். வெளியே போகும்போது றேடியோவை நிற்பாட்டாமல் போவார், திரும்பி வரும்போது வீட்டில் யாராவது கதைத்துக்கொண்டிருக்கட்டும் என்று. ரீச்சர் கலியாணம் கட்டாதவர். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஆறு, மலை எல்லாம் வரும் பூமிசாத்திரப் பாடம் படிப்பித்தவர் என்று தமிழ்ச் சங்கத்தில் பேர்.

போன கிழமை குமாரசாமி கேட்டுவிட்டார், இரண்டு பேரும் கலியாணத்தை எழுதி ஒரு வீட்டில் இருந்தால் என்ன என்று. ரீச்சர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஒரு வடக்கத்தி மலையாத்துக் கதை சொல்லித் திரியிறியளாம். எனக்கும் சொல்லுங்கோ. ஒரு பிழை பிடிச்சனெண்டால் இந்தப் பேச்சு அதோடை சரி."

குமாரசாமி பிறந்த ஊரில் கிணறு உண்டு, ஆறு கிடையாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. இன்றைக்கு மட்டும் நினைத்தார்.

"இமயமலைக்கும் வடக்காலை, நில அளவைக்காரரோடை போனனான். ஆறு அகலத்திலை ரெண்டு பரப்பு வரும்."

"பரப்பு காணி அளக்கிற கணக்கு. ஆத்துக்கில்லை."

"கோடையிலை அது காணிதான் ரீச்சர். உழுவினம்."

ரீச்சர் ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஒரு மலையிடுக்கிலை 'ஆரங்கை?' எண்டு கூப்பிட்டன். மறுமொழி அடுத்த நாள் விடியத்தான் வந்தது. அதுவும் எனக்கில்லை, எனக்கு முந்திப் போனவனுக்கு. கடைசியிலை ஊற்றுக்கண், சோத்துப்பானை வாயளவு. குதிக்காலாலை அடைச்சுப் பாத்தன். கீழை முந்நூறு மைலுக்கு ஓடமெல்லாம் தரை தட்டி, காலை எடுக்கச்சொல்லித் தந்தி வந்தது."

"கூடாரம் எந்தக் கரையிலை அடிச்சனியள்?"

"வலக்கரை. ஏறிப் போகேக்கை இந்தக் கைப்பக்கம்." வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

ரீச்சர் கோப்பையை வைத்தார். "ஆறு ஓடுற பக்கம் பாத்து நிண்டுதான் வலம், இடம் சொல்லுறது. ஏறிப் போற ஆளுக்கு வலக்கரை இடக்கைப்பக்கம்."

தூக்கிய கை அப்படியே நின்றது. வீட்டில் அந்நேரம் வானிலை அறிக்கை போய்க்கொண்டிருக்கும், கேட்க ஆளில்லை.

"சரிதான் ரீச்சர்," என்றார் குமாரசாமி, கையை மெல்ல இறக்கி. "ஆனால் நான் பின்பக்கமாத்தான் ஏறினனான்."

"பின்பக்கமாவோ?"

"ஓம். முன்னுக்குப் பாத்தால் இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு தெரியும். பிறகு கால் எழும்பாது."

"எத்தினை நாள்?"

"நாப்பத்தொண்டு."

"கழுத்து நோகேல்லையோ?"

"இண்டைக்கும் நோகுது. எண்ணெய் பூசிவிட ஆளில்லை."

ரீச்சர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து கைப்பையைத் தோளில் கொளுவினார்.

"சனிக்கிழமை எப்சத்திலை நானிருக்கிற வீட்டுக்கு வாங்கோ, என்ரை தம்பியின்ரை மேளிட்டைக் கதைக்க. முன்பக்கமாவே நடந்து வாங்கோ."

வசந்தமலர் ரீச்சர் முப்பது வருடமும் படிப்பித்தது தையல்.