சிட்னி வைத்த கொலு

நவராத்திரி ஐந்தாம் நாள் சாயங்காலம். சுண்டலைத் தாளித்துக் கொட்டி மூடி வைத்துவிட்டு, வாசல் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதல் மாடியைத் தாண்டியது, இரண்டாம் மாடியைத் தாண்டியது. எங்கள் மூன்றாம் மாடியில் எங்களைத் தவிர எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும்தான். சட்டென்று விலகி வந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். பூட்டில் சாவி திரும்பியது. வந்தவர் என் வீட்டுக்காரர். நாலு நாளாக இதே கதைதான். செய்த சுண்டல் எல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் ராத்திரிச் சாப்பாடாகிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அவர் வயிறுதான் அவ்வப்போது சொன்னது.

எழுபத்தொன்றில் கல்யாணமான கையோடு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தவள் நான். அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. எங்கள் வீட்டு வாசற்படியை அதுவரை தாண்டி உள்ளே வந்தவர்கள் மீட்டர் பார்க்கிறவரும் குழாய் ரிப்பேர்காரரும்தான். கட்டடத்துப் பெண்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். படியில் பார்த்தால் 'குரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்வார்கள், நானும் சொல்லுவேன், அவரவர் கதவு சாத்திக்கொள்ளும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் கொலு வைத்தால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல்தான் அம்மா உட்காருவாள், அவ்வளவு பேர் வருவார்கள். இங்கே ஒரே ஒரு பெண்பிள்ளை என் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. அந்த வருஷம் அம்பாளிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, பிள்ளை கூடக் கேட்கவில்லை. அவளே யோசித்திருப்பாள், இவளுக்கு என்ன ஆச்சு என்று.

கொலு வைக்க என்னிடம் இருந்தவை ஏழே பொம்மைகள். மரப்பாச்சி ஜோடி, பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி, கடை விரித்த செட்டியார், அவர் சம்சாரம். நவராத்திரிக்கு முன்பே பெட்டிகளையும் இவருடைய தடித்தடிப் புத்தகங்களையும் அடுக்கி, மேலே வேட்டியை விரித்து ஐந்து படி கட்டிவிட்டேன். ஐந்து படிக்கு ஏழு பொம்மை என்றால் படிக்கு ஒன்றரை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. செட்டியார் ஊர் காலியான பிறகும் கடையைச் சாத்த மனசில்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இவர் இரண்டு ஆப்பிள் பெட்டி நிறையக் கட்டடங்களைச் சுமந்துகொண்டு வந்தார். எல்லாம் மரத்தில் இழைத்தவை. இவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பக்கம் ராட்சச விசிறி சுற்றும். அதன் காற்றில் மாதிரிக் கட்டடங்களை நிறுத்திவைத்து எவ்வளவு ஆடுகிறது, எங்கே காற்று சுழிக்கிறது என்று அளப்பார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் யாரோ ஒரு பெரிய கட்டடம் எழுப்பப்போகிறார்களாம். அதற்கான சோதனை முடிந்துவிட்டது, சுற்றுப்புறக் கட்டடங்களை இனி அடுப்பில் போடவேண்டியதுதான் என்று பட்டறைக்காரர் வைஸ் சொன்னாராம். இவர் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

"கொலுவுக்குப் பக்கத்துல பார்க், தெரு எல்லாம் வைப்பீங்களே, அதுக்கு ஆகுமா பாரு" என்றார்.

ஆகுமாவா! நீலக் காகிதத்தை விரித்துக் கடலாக்கினேன். கடலோரம் சின்னக் கட்டடங்களை நிறுத்தினேன். பெரியவற்றைப் படிகளில் பொம்மைகளுக்கு நடுவே வைத்தேன். உருளை மாதிரி உருண்டையாக, நெட்டையாக ஒன்று இருந்தது, என் முழங்கை நீளம்.

"இதுதான் இப்போ அந்த ஊர்லயே உசரம். அம்பது மாடி" என்றார் இவர்.

"நம்ம மெட்ராஸ் எல்.ஐ.சி. மாதிரியா?"

"எல்.ஐ.சி.ய ஒண்ணு மேல ஒண்ணா மூணு அடுக்கணும். பதினஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் அங்க நூத்தம்பது அடிக்கு மேல கட்டவே கூடாதுன்னு சட்டம். சட்டத்த எடுத்தாங்களோ இல்லையோ, மழை பேஞ்ச மறுநாள் காளான் கணக்கா எந்திரிச்சுடுச்சு. இந்தப் புது பில்டிங் வந்துட்டா இந்த உருண்டையும் குட்டிதான்."

"புதுசுதானே உங்களுக்கு முக்கியம். சுத்தியிருக்கறத எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டு செய்யணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பிடித்த கேள்வி கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். "தனியா நிக்கற பில்டிங் மேல அடிக்கற காத்து வேற, நாலு பேர் பக்கத்துல நின்னா அடிக்கற காத்து வேற கனகா. பக்கத்து வீட்டு மூலையில பட்டுத் திரும்பற காத்து இதும்மேல வந்து மோதும். சில சமயம் பக்கத்து வீடு காத்த மறைச்சும் குடுக்கும். அக்கம்பக்கம் இல்லாம டெஸ்ட் பண்ணினா அந்த ரிசல்ட்டே பொய்."

மரக்கட்டைக்குக் கூட அக்கம்பக்கம் வேண்டியிருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க இவருக்கு அரசாங்கச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது மாடிக்கு அடியில் செட்டியாரை உட்காரவைத்தேன். மனிதருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

நவராத்திரி முதல் நாள் காலையிலேயே குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் படியிறங்கினேன். சொல்லவேண்டியதை ஜெர்மனில் நெட்டுருப் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் பண்டிகை, பொம்மை வைத்திருக்கிறோம், ஒன்பது நாளும் சாயங்காலம் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். முதல் மாடி ஃபிராவ், அதாவது திருமதி, ஷொய்ஃபெலே கதவைப் பாதி திறந்து கேட்டாள். அறுபது வயதிருக்கும், இறுகக் கட்டிய ஏப்ரன். படிக்கட்டு பெருக்கும் முறை வாரா வாரம் வீடு மாறும். முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். என் முறை முடிந்ததும் கைப்பிடிக் கம்பியை விரலால் தடவிப் பார்க்கிறவள் இவள். "ரொம்ப நன்றி, அன்பான அழைப்பு" என்று புன்னகைத்தாள். இரண்டாம் மாடிச் சின்னப்பெண் ஃபிராவ் லூட்ஸும் இடுப்பில் குழந்தையோடு "சந்தோஷமா வர்றேன்" என்றாள். டீச்சரும் தலையாட்டினாள். மூன்று பேரும் சிரித்த முகமாகச் சொன்னார்கள், மூன்று பேரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் சாவி திரும்பியது என்றேனே, அன்று இவர் கோட்டைக் கூடக் கழற்றாமல் கொலுவுக்கு முன்னால் போய் நின்றார்.

"சிட்னியிலேர்ந்து தந்தி வந்துருக்கு கனகா. புது பில்டிங்குக்கு இன்னும் மாடி ஏத்தறாங்களாம். டெஸ்ட்ட திரும்பப் பண்ணணும். திங்கட்கிழமை ஆரம்பம்."

"பண்ணுங்க."

"இதெல்லாம் வேணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "விஜயதசமி முடியாம கொலுவக் கலைப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

"கூடாதுதான். புரொஃபசர் கிட்ட நான் பேசிக்கறேன். நீ முடியாதுன்னா முடியாதுதான். புதுசா இழைக்கச் சொல்லலாம், ரெண்டு வாரம் தள்ளிப் போகும்" என்றார்.

கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான், முடிவைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்திவிட்டு நல்லவராக நின்றுகொள்வார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தேங்காய் துருவிக்கொண்டே யோசித்தேன். கொலு அம்பாளுக்கு என்றால் அவளுக்குக் கலசம் போதும், ஐம்பது மாடி வேண்டியதில்லை. யாருக்காக இவ்வளவு ஜோடனை? வருகிறவர்கள் கண்ணை விரிக்க வேண்டும் என்பதற்காக. வருகிறவர்கள் எங்கே? வராதவர்களுக்காக ஓர் ஊரையே பிடித்து வைத்துக்கொண்டு இவர் வேலையைக் கெடுப்பதா? அழுகை வந்தது. தேங்காயில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, டீச்சர் வீட்டு ஃபோனைக் கேட்டு வாங்கி அவருக்குப் பேசினேன். "ஆளை அனுப்புங்க. விளக்கேத்தி கற்பூரம் காட்டினதுக்கப்புறம் வரச் சொல்லுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். ரிசீவரை வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு இவரும் வைஸும் இன்னோர் ஆளும் வந்தார்கள். வைஸ் பெரிய தோள்காரர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், தாம் இழைத்த கட்டைகளுக்குப் பூவும் பொட்டும் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை போலும். முதலில் நான்தான் எடுத்தேன். அம்மா தாயே, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு அந்த உருண்டைக் கட்டடத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். கொலுவுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆளுக்கொரு கிண்ணம் சுண்டலும் கொடுத்தேன். வைஸ் நின்றபடியே தின்றார், இன்னொரு கிண்ணம் கேட்டார். ஆறு நாளில் கொலுவுக்கு வந்த முதல் விருந்தாளி, கொலுவைக் கலைக்க வந்தவர்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இறங்கினார்கள். கனம் போலிருக்கிறது, திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் முட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். படிகளில் வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. ஏழு பொம்மைகளும் கலசமும் மட்டும் ஒன்றுக்கொன்று பேசாமல் தூரதூரமாக நின்றன. கீழே நீலக் கடல், கரையில் ஒன்றுமில்லை. என் வீடு எனக்கே அந்நியமாக இருந்தது. இதை யாரும் பார்க்காமல் போனதே நல்லது என்று தோன்றியது.

அப்போதுதான் கீழிருந்து குரல் கேட்டது. "யார் இது? படியெல்லாம் சுண்ணாம்புத் தூள்! இன்னைக்குக் காலையிலதான் பெருக்கினது!"

பெருக்கிக்கொண்டே மேலே ஏறி வரும் சத்தம். சரக், சரக். ஃபிராவ் ஷொய்ஃபெலே கையில் துடைப்பத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே ஃபிராவ் லூட்ஸ், என்ன சத்தம் என்று பார்க்க வந்திருக்க வேண்டும், குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. திட்ட வந்தவள் என்னைப் பார்த்தாள், என் பட்டுப்புடவையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் எரிந்த விளக்கைப் பார்த்தாள்.

"பண்டிகைன்னு சொன்னீங்களே, அது இதுதானா?" என்றாள்.

ஆமாம் என்றேன். "தினமும் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்" என்று வாயில் வந்துவிட்டது. என் ஜெர்மனில் அதை மறைத்துச் சொல்லத் தெரியாது, உள்ளதை அப்படியே சொல்லத்தான் தெரியும்.

அவள் முகம் சிவந்தது. "நாளும் சொல்லல, மணியும் சொல்லல. எப்ப வேணும்னாலும் வாங்கன்னா அது மரியாதைக்குச் சொல்றது. அதை நம்பி ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்களா?" என்றாள். லூட்ஸ் தலையை ஆட்டினாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன். சாப்பிடற நேரத்துல வந்து நிக்கக் கூடாதேன்னு."

எங்கள் ஊரில் மணி சொல்லி அழைத்தால், அதற்குமேல் இருக்காதே என்று சொல்வது மாதிரி. இங்கே மணி சொல்லாவிட்டால், வராதே என்று சொல்வது மாதிரி. ஆறு நாளாகக் கதவில் காதை வைத்துக்கொண்டு நான் நின்றதையும், கீழே இவர்கள் அவரவர் வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருந்ததையும் நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"அப்ப, சொல்லுங்க. எந்த நாள், எத்தனை மணி?" என்றாள் ஃபிராவ் ஷொய்ஃபெலே, துடைப்பத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு.

வெறும் படிகளைத் திரும்பிப் பார்த்தேன். நாளைக்கு என்று சொல்லலாம். அதற்குள் எதையாவது வாங்கி நிரப்பலாம். வெற்றிலைக்குப் பதில் ஆப்பிள் வாங்கிவைக்கலாம், இவரிடம் சொல்லி வைஸை இன்னும் இரண்டு பொம்மை இழைக்கச் சொல்லலாம். தூக்குப் பாத்திரத்தின் அடியில் சுண்டல் கொஞ்சம்தான் மிச்சம்.

"இப்ப" என்றேன்.

அவள் தன் ஏப்ரனைக் குனிந்து பார்த்தாள். லூட்ஸைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை வெளியே சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சைத் தேடினாள். முடிச்சு இறுகியிருந்தது, அவளால் அவிழ்க்க முடியவில்லை. முதுகையும் முடிச்சையும் என் பக்கம் காட்டித் திரும்பி நின்றாள்.