பொய்ப் புகாருக்கு மைனஸ் பத்து

நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில், வருடா வருடம் பொங்கல் முடிந்த கையோடு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி நடத்துவார்கள். ஓர் அணிக்கு மூன்று பேர். ஜெயிக்கிற அணியின் மூன்று பேருக்கும் அதே கல்லூரியில் மூன்று வருடப் படிப்பும் விடுதியும் இலவசம். வெறும் கோப்பையும் சான்றிதழும் என்றால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் பெயர் ரங்கநாயகி. முப்பத்து நாலு வருடம் கணக்கு டீச்சர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் போட்டியில் மார்க் மேசை என் பொறுப்பாகிவிட்டது. விதிமுறைத் தாளையும் நான்தான் எழுதினேன். சரியான விடைக்குப் பத்து, தவறுக்கு ஐந்து கழியும். பார்வையாளர் யாராவது பேசினால் எச்சரிக்கை. அந்தப் பேச்சு விடைக்கு உதவியாக இருந்தால் அணியே வெளியே.

போன வருடம் தோற்ற பள்ளிகளின் வாத்தியார்கள் ஆளாளுக்கு எழுந்து, அவன் அங்கே பார்த்தான், இவன் இங்கே கேட்டான் என்று சண்டை போட்டதில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போனது. சாம்பார் ஊசிப்போய்விட்டது. அதனால் இந்த வருடம் புதிதாக ஒரு விதி சேர்த்தேன். புகார் இருந்தால் அணித்தலைவர் மட்டும்தான் கை தூக்க வேண்டும், அதுவும் அடுத்த கேள்வி வாசிப்பதற்குள். புகார் நிரூபணமாகாவிட்டால் சொன்ன அணிக்குப் பத்து மார்க் கழியும். நல்ல விதி, இனி வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

காலையில் பெயர் பதிகிற இடத்தில், திருமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்.

"மிஸ், விடுதியும் சேத்துத்தானா?"

"சேத்துத்தாம்மா."

"சாப்பாடு?"

"அதுவும்தான்."

"எழுதிக் குடுப்பாகளா?"

அவர்களைக் கூட்டி வந்த காசிமாயன் வாத்தியார் சிரித்தார். "விடாம கேப்பா மேடம். கனகலட்சுமின்னு பேரு, அணித்தலைவி. இவ வீட்டுல பன்னெண்டாப்போட நிறுத்திர்றதுன்னு முடிவாயிருச்சு. மில்லுல ஆளெடுக்கிற வேன்காரன் ரெண்டு தடவ வந்து பேசிட்டுப் போயிட்டான். இதுல ஜெயிச்சா படிக்க அனுப்புறேன்னு இவ அப்பன் எங்கிட்ட சொல்லிருக்காரு. தோத்தா வேன்தான்."

"சார், அதெல்லாம் எதுக்கு," என்றாள் அவள். பதிவுத் தாளை வாங்கிப் பெயர்களை எழுத ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு அணிகள் வந்தன. பிற்பகல் இறுதிச் சுற்றுக்கு இரண்டு மிஞ்சின. ஒன்று கனகலட்சுமியின் அணி. இன்னொன்று நகரத்துப் பள்ளி ஒன்றின் அணி. அதன் தலைவி ரம்யாஸ்ரீ. அவள் அம்மா ஹம்சவேணி என்னிடம் படித்தவள். இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள், மகளின் அணிக்கும் அவள்தான் பயிற்சி. எங்களைப் போலவே சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் பேசுவது எங்கள் மொழிதான். முன்வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

கடைசி இரண்டு கேள்விகள், அணிக்கு ஒன்று பாக்கி. பலகையில் நான் எழுதியிருந்த கணக்கு, கனகலட்சுமி அணி எண்பத்தைந்து, ரம்யாஸ்ரீ அணி எண்பது.

நடுவர் பேராசிரியர் பேச்சிமுத்து ரம்யாஸ்ரீ அணிக்கான கேள்வியை வாசித்தார். ஒரு நேரான சாலை, தொள்ளாயிரம் மீட்டர் நீளம். இரண்டு முனையிலும் கம்பம் உண்டு. முப்பது மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் என்றால் மொத்தம் எத்தனை? இருபது விநாடி.

எளிய கணக்குதான். அவசரத்தில் எல்லோரும் வகுத்துவிட்டு முப்பது என்பார்கள், தொடக்கத்துக் கம்பத்தை விட்டுவிடுவார்கள். ரம்யாஸ்ரீயும் பக்கத்துப் பெண்ணிடம் "முப்பது" என்றாள். எனக்குக் கேட்டது. முன்வரிசைக்கும் கேட்டிருக்கும். மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போது ஹம்சவேணி குனிந்து, காலடியில் பையைத் தேடுகிறவள்போல, எங்கள் வீட்டு மொழியில் சொன்னாள். "ஒன்று கூட்டு."

"முப்பத்தொன்று," என்றாள் ரம்யாஸ்ரீ.

"சரியான விடை," என்றார் பேச்சிமுத்து. எண்பதை அழித்துத் தொண்ணூறு என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால் கனகலட்சுமியின் கை மேலே இருந்தது.

"ஏத்தா," என்று கீழேயிருந்து காசிமாயன் குரல் கொடுத்தார். "பத்து போயிரும். நம்ம கேள்வி பாக்கி இருக்கு. யோசிச்சுக்க."

"நான் கேட்டேன் சார். அவுங்கம்மா ஒண்ணு கூட்டுன்னு சொன்னாங்க."

"என்ன பாஷையில சொன்னாங்க?" என்றார் பேச்சிமுத்து.

"சௌராஷ்டிரா, சார்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெண்டு வருசமா லீவுக்கு விளக்குத்தூண்ல சேலக் கடைக்கு வேலைக்குப் போறேன் சார். முதலாளி வீட்டாளுக அப்படித்தான் எண்ணுவாங்க. எண்ணுறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

ஹம்சவேணி எழுந்தாள். "பயப்படாம சொல்லுன்னு சொன்னேன் சார். பெத்தவ, வாய் வந்திருச்சு. எச்சரிக்கை குடுங்க, வாங்கிக்கிறேன்."

ரம்யாஸ்ரீ தலையைக் குனிந்தபடி நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேச்சிமுத்து என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க அவுங்க ஆளுதானே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

இந்த இடத்தில்தான் காசிமாயன் அதைச் சொன்னார். கோபத்தில் சொன்னார், தன் பிள்ளைக்காகச் சொன்னார், அதெல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. "அவுக ஆளுகிட்டயே கேட்டா எப்படிங்கய்யா? நமக்கு விளங்கிறக் கூடாதுன்னுதான அந்தப் பாஷையவே வச்சிருக்காக."

அரங்கம் சிரித்தது. பெரிய சிரிப்பு இல்லை. ஆனால் இதே சிரிப்பை நான் ஆசிரியர் அறையில் முப்பத்து நாலு வருடம் கேட்டிருக்கிறேன். நானும் இன்னொரு டீச்சரும் எங்கள் மொழியில் மழை வருமா என்று பேசிக்கொண்டாலும் எவராவது, "என்ன, எங்களப் பத்தியா?" என்பார்கள். நானும் கூடவே சிரித்துவைப்பேன்.

அன்று சிரிக்கவில்லை. "கேட்டுச்சு சார்," என்றேன். "பயப்படாதேன்னுதான் சொன்னா."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது.

"புகார் நிரூபணமாகல," என்றார் பேச்சிமுத்து. "பார்வையாளருக்கு எச்சரிக்கை. விதிப்படி பத்து கழிச்சிருங்க மேடம்."

எண்பத்தைந்தை அழித்தேன். எழுபத்தைந்து என்று எழுதும்போது பலகைப் பேனா சரியாக எழுதவில்லை. இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

கனகலட்சுமி அழுவாள் என்று நினைத்தேன். அவள் மைக்கை வாங்கி, தன் அணியின் கடைசிக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாள். நிகழ்தகவுக் கணக்கு, மற்றதைவிடக் கடினம். பன்னிரண்டு விநாடியில் முடித்தாள். எண்பத்தைந்து ஆனது. அந்தப் பக்கம் தொண்ணூறு. கை தூக்காமல் இருந்திருந்தால் தொண்ணூற்றைந்து. அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரிந்தது. கணக்குப் போட்டிக்கு வந்தவர்கள் அல்லவா.

முடிவு அறிவிப்பதற்கு முன் இரண்டு அணித்தலைவர்களும் மார்க் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் என் விதிதான். ரம்யாஸ்ரீ முதலில் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டு, அம்மாவிடம் போகாமல் பின்வாசல் வழியே வெளியே போய்விட்டாள். ஹம்சவேணி மேசைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். நன்றி என்றுதான் இருக்கும். கையை உருவிக்கொண்டு, "தமிழ்ல பேசு," என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு மகளைத் தேடிப் போனாள்.

பிறகு கனகலட்சுமி வந்தாள். தாளை முழுக்கப் படித்தாள். கழித்த பத்துக்கு நேராகக் காரணம் என்ற கட்டத்தில், பொய்ப் புகார் என்று என் கையெழுத்தில் இருந்தது. அதன்மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள்.

"ஆட்சேபம் ஏதும் இருக்கா?" இதைக் கேட்க வேண்டும் என்பது தாளிலேயே இருக்கிறது.

"இருக்குன்னா இன்னும் பத்து போகுமா மிஸ்?"

நக்கலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லம்மா. கேள்வியெல்லாம் முடிஞ்சிருச்சு. இனிக் கழிக்க முடியாது."

"அப்பச் சொன்னா, திரும்ப விசாரிப்பாங்களா?"

"விசாரிப்பாங்க."

"யார்கிட்ட கேப்பாங்க?"

"எங்கிட்டத்தான்."

அவள் பேனாவைக் கையில் வைத்தபடி நின்றாள். பேச்சிமுத்து மேடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன மிஸ் சொல்லுவீங்க?"

மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேறு யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹம்சவேணியின் மகள் வெளியே போவாள், நான் பொய்க்காரியாவேன், காசிமாயன் சொன்னது சரி என்று அந்த அரங்கமே சொல்லிக்கொண்டு போகும். அம்புட்டுதான் நஷ்டம். இதையும் அப்போதே கூட்டிப் பார்த்தேன்.

"முன்ன சொன்னதத்தான் சொல்லுவேன்," என்றேன்.

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என் பக்கம் வைத்தாள்.

படியில் அவள் அணிப் பையன் முத்துக்குமரன் பையோடு நின்றிருந்தான். "என்ன சொல்றாங்க?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நான்தான் கையத் தூக்காம இருந்திருக்கணும். எனக்குத்தான் சரியாக் கேக்கல போல."

தாளை எடுத்துக்கொண்டு போய் பேச்சிமுத்துவிடம் கொடுத்தேன்.