திருகில் கை வைத்தது யார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்ஜின் ட்யூனர் ஒருவர் மேல் எனக்கு வந்த கோபம் இது. அவர் ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகத்தின் மேல் டீ கிளாஸை வைத்தார். அதற்கா இத்தனை கோபம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

உண்மையில் நான் எழுதவேண்டியிருந்தது கதையே அல்ல. ஒரு பத்திரிகையாசிரியர் கட்டுரை கேட்டார். வண்டி என்ஜினை நாமே ட்யூன் செய்வதா, தெரிந்த ஆளிடம் விடுவதா? நன்மை ஐந்து, தீமை ஐந்து, கடைசியில் ஒரு பொன்னான அறிவுரை. நல்ல பிள்ளையாக உட்கார்ந்து எழுதினேன்: "நாமே செய்வதன் நன்மைகள். ஒன்று:"

அந்த ஒன்றுக்கு அப்பால் பேனா நகரவில்லை. எனக்கு அந்த நோட்டுதான் கண்ணில் நின்றது.

2

தொடக்கம் அமைவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. நீங்களே பாருங்கள்.

"விடிந்தும் விடியாத வேளையில், அவள் வேனின் பானட்டைத் திறந்தபோது" [அடித்துவிட்டேன். அவள் ஒன்பது மணிக்கு முன் எதையும் திறக்கமாட்டாள், கண் உட்பட.]

"என்ஜின் என்பது மனித இதயத்தைப் போல" [அடித்துவிட்டேன். என்ஜின் என்ஜினைப் போலத்தான் இருக்கும். இதயத்தைத் திருப்புளி வைத்து யாரும் திருகுவதில்லை.]

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன்.

அவள் சோபாக்களுக்கு உறை மாற்றுகிறவள். கிழிந்த சோபாவை வீடு தேடிப் போய்த் தூக்கி வருவாள், பட்டறையில் பழைய துணியை உரித்துப் பஞ்சு மாற்றிப் புது உறை தைப்பாள், திரும்பக் கொண்டுபோய்ப் போடுவாள். பட்டறை பள்ளத்தில். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மேட்டில். நடுவே ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரைக் குறைத்து, மறுபடி அழுத்தவேண்டும். அந்த மறுபடியில்தான் வேன் இருமும். சோபா ஏற்றியிருந்தால் இருமல் பலமாக இருக்கும். ஒருநாள் இருமிக்கொண்டே நின்றுவிட்டால், பின்னால் வரும் லாரி, பின்பக்கம் பள்ளம், நடுவில் அவள். இந்தக் கதையில் பயப்படவேண்டிய விஷயம் இதுதான்.*

* பழைய வேன். கார்புரேட்டர் வண்டி. பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்கவேண்டும் என்பதை ஒரு சின்னத் திருகு முடிவு செய்யும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். இதற்குமேல் உங்களுக்கு ஒன்றும் தெரியவேண்டாம். எனக்கு அன்றைக்கு இதுகூடத் தெரியாது.

3

ஆறு வருடமாக அந்தத் திருகைத் தொடுவது அவள் ஒருத்திதான். சோபா அளவெடுக்கும் நோட்டை முன்பக்கமிருந்து எழுதுவாள்: மூன்று பேர் சோபா, நீளம் இத்தனை, கைப்பிடி அகலம் இத்தனை. அதே நோட்டைத் திருப்பிப் பின்பக்கமிருந்து எழுதினால் அது வேனின் கணக்கு. "கால் சுற்று வெளியே. வளைவில் இருமல் குறைந்தது. பிளக்கில் கரி." "அரைக்கால் சுற்று உள்ளே. கரி இல்லை. இருமல் திரும்பியது." ஆறு வருடம். ஒரு நாளைக்கு ஒரு வரி. இவ்வளவு பொறுமையாக என்னைப் பற்றி யாராவது குறிப்பெடுத்திருந்தால் நானும் ஒழுங்காக ஓடியிருப்பேன்.

ஆனால் ஒரு கட்டத்தில் திருகு அவளுக்குக் கைகொடுக்கவில்லை. இருமலை அடக்கினால் கரி, கரியை அடக்கினால் இருமல். கோளாறு வேறெங்கோ இருக்கிறது, தான் அதைத் திருகை வைத்து மூடி மறைக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் ட்யூனரிடம் போக முடிவெடுத்தாள். கட்டுரை எழுதச் சொன்ன ஆசிரியர் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். தோற்றுப்போய்ப் போகவில்லை. ஆறு வருடக் கேள்வி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அவர் எட்டிப்பார்க்கும் இடம் தன்னால் எட்டமுடியாத இடம் என்று மதித்துப் போனாள். போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

4

அவளோடு ஒருவன் போனான்.

[யார் அவன்? முதல் வரைவில் கணவன் என்று எழுதினேன். அவளுக்குக் கணவன் இல்லை. இரண்டாம் வரைவில் பக்கத்துக் கடைக்காரர். அவருக்குக் காலையில் கடையை விட்டு வர முடியாது. இப்போதைக்குக் கூடப்போனவன் என்று வைத்துக்கொள்வோம். சோபாவின் மறுமுனையைத் தூக்க வருகிறவன்.]

ட்யூனரின் கூடம் சுத்தமாக இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சுவரில் ஸ்பேனர்கள் உயர வரிசையில் நின்றன. புகையை அளக்கும் கருவி ஒன்று சக்கரம் வைத்த மேசையில் இருந்தது. ட்யூனர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கைகளும் சுத்தம். இதெல்லாம் அவர் தப்பு அல்ல. நியாயமாகச் சொல்கிறேன், அவர் வேலை தெரிந்தவர்தான்.

"வணக்கம் சார், சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று கூடப்போனவனைப் பார்த்துக் கேட்டார்.

அவள் சொன்னாள்: "வளைவுல காலை எடுத்துட்டுத் திரும்ப அழுத்தினா இருமுது. லோடு இருந்தா ரொம்ப. இதுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

நோட்டை நீட்டினாள். வாங்கினார். பக்கத்து மேசையில் வைத்தார். அப்போது டீ வந்தது. கிளாஸை எங்கே வைப்பது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, நோட்டின் மேல் வைத்தார்.

பிறகு கருவியின் குழாயைச் சைலன்சரில் செருகினார். என்ஜின் நின்ற இடத்திலேயே முனகியது. காலி வண்டி, சமதரை. திரையில் எண்கள் மாறின. திருகைப் பார்த்தார். உதட்டைச் சுழித்தார். முக்கால் சுற்று உள்ளே திருகினார். எண்கள் அழகாக இறங்கின.

"பாத்தீங்களா சார்? பெட்ரோல் தண்ணியா ஊத்திட்டிருந்தது. இப்பப் பாருங்க, தாலாட்டு மாதிரி இருக்கு."

அவள் சொன்னாள்: "இங்க எப்பவுமே நல்லாத்தான் இருக்கும். நின்ன இடத்துல இருமாது. ஏத்தத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன். நானே ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு அவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க சார்," என்றார் ட்யூனர், அவனிடம். அவள் மூன்றடி தூரத்தில் நின்றாள். அவளுக்குக் காது கேட்கும். தமிழும் தெரியும். வாசல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

அப்புறம் திருகின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்புப் பெயின்ட் வைத்தார். இனி யார் தொட்டாலும் பெயின்ட் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, யாரு சார் இதுல கை வச்சது?"

கூடப்போனவன்

[இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவைக்கிறேன். பதினோரு தடவை எழுதிப் பதினோரு தடவை அடித்தேன்.]

5

மறுநாள் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை ஏற்றிக்கொண்டு போனார்கள். வளைவு வந்தது. அவள் காலை எடுத்தாள், கியரைக் குறைத்தாள், அழுத்தினாள். வேன் இருமக்கூட இல்லை. பொட்டென்று அணைந்தது.

வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அவள் பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். கூடப்போனவன் குதித்து ஓடி, சாலையோரக் கல்லைத் தூக்கி வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தான். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நின்றது. யாருக்கும் அடி இல்லை. சோபாவுக்கும் இல்லை.

அவள் இறங்கினாள். பானட்டைத் தூக்கி நிறுத்தினாள். இருக்கைக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்தாள். எடுத்து, அவனிடம் நீட்டினாள்.

"நீ பண்ணு."

"எனக்கு என்ன தெரியும்?"

"உனக்குத்தானடா எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தாரு. மண்டைய மண்டைய ஆட்டினியே. பண்ணு."

அவன் என்ஜினுக்குள் குனிந்தான். சிவப்புப் பொட்டு தெரிந்தது. உள்ளே திருகுவதா, வெளியே திருகுவதா, அவனுக்குத் தெரியவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவன் வியர்ப்பதைப் பார்த்தாள். ஒரு நிமிடம். அப்புறம் திருப்புளியைப் பிடுங்கி, பெயின்ட்டைச் சுரண்டி, முக்கால் சுற்று வெளியே திருகினாள். வேன் கிளம்பியது, பழையபடி இருமிக்கொண்டு.

மேலே போய் சோபாவை இறக்கியபிறகு நோட்டைப் பின்பக்கமிருந்து பிரித்துக் காட்டினாள். கடைசி வரியின் மேல் டீ கிளாஸின் வட்டம். வட்டத்துக்குள் அவள் கையெழுத்து: "ஆக்சிலேட்டர் பம்ப் ரப்பர் கிழிஞ்சிருக்குமோ? திறந்து பார்க்கத் தெரியலை. அவரிடம் கேட்கணும்."

கிழிந்துதான் இருந்தது. அந்த வாரமே கார்புரேட்டரைக் கழற்றி அவளே பார்த்தாள். ஒரு நாள் முழுக்க ஆனது, ஒரு ஸ்பிரிங் தெறித்துப் பஞ்சு மூட்டைக்குள் போய்விட்டது, தேடி எடுத்தாள். கட்டைவிரல் நகமளவு ரப்பர். அழுத்தும்போது கூடுதல் பெட்ரோலைப் பீச்சவேண்டியது அதுதான். ட்யூனர் பத்து நிமிடத்தில் மாற்றியிருப்பார். கிளாஸைத் தூக்கி ஒரு வரி படித்திருந்தால் போதும். படிக்கத் தெரியாதவரா அவர்? கேட்கக் காதில்லாதவரா? நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

6

இங்கே கதையை முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் அவள் ரப்பரைக் கொண்டுபோய் ட்யூனரின் மேசையில் வைக்கிறாள். இன்னொன்றில் அவரே தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார் [யார் நம்புவது?]. மூன்றாவதில் அவள் எதிரிலேயே ட்யூனிங் கடை திறக்கிறாள் [அவளுக்குச் சோபா வேலையே தலைக்குமேல் இருக்கிறது]. மூன்றிலும் ட்யூனர் தோற்கிறார். எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் இறங்கவில்லை.

ஏனென்றால் முதல் பத்தியில் நான் சொன்னது பொய். கோபம் ட்யூனர் மேல் மட்டும் அல்ல.

கூடப்போனவன் நான். அவள் என் அக்கா. ஆறு வருடமாக அவள் நோட்டில் எழுதுவதைப் பார்த்தவன் நான். அந்த நோட்டு மேசையில் கிடந்தபோது, டீ கிளாஸுக்கு மிக அருகில் இருந்த கை என் கை. தூக்கியிருக்கலாம். வெள்ளைச் சட்டைக்காரர் என்னை சார் என்று கூப்பிட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. யாரு சார் இதுல கை வச்சது என்று அவர் கேட்டபோது, வாசல் பக்கம் நின்ற அக்காவைப் பார்க்காமலே சொன்னேன்:

"அவங்கதான் சார், தெரியாம ஏதோ நோண்டிட்டாங்க."

தெரியாமலாம். நோண்டினாளாம். என் வாயில் வந்தது.

இப்போது வேன் இருமுவதில்லை. சோபாவின் மறுமுனையைத் தூக்க அக்கா வேறு ஆளை வைத்துக்கொண்டாள். இந்தக் கதையின் வரைவைக் கொடுத்தேன். படித்தாள். அரைச் சுற்று என்று நான் எழுதியிருந்த இடத்தில் முக்கால் என்று பென்சிலால் திருத்தினாள். நோண்டிட்டாங்க என்று நான் சொன்ன அந்த வரியின் கீழே ஒன்றும் எழுதவில்லை. "நல்லாத்தான எழுதியிருக்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

7

அந்த வரியை நான் மாற்றி எழுதினால் செல்லாது. நடந்ததை மாற்றி எழுதுவது என் தொழில் என்று அவளுக்குத் தெரியும். அதனால் உங்களிடம் தருகிறேன். கிளாஸைத் தூக்கிக்கொண்டும் சொல்லலாம், தூக்காமலும் சொல்லலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அவள் வாசல் பக்கம் நிற்கிறாள், எல்லாம் கேட்கிறது.

ட்யூனர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, யாரு சார் இதுல கை வச்சது?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சொன்னான்:

"...........................................................................